மேடையில் சிந்திய எண்ணெய்

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். வானகரத்தில் பதினோரு நிமிடம் தூறிவிட்டு மழை நின்றிருந்தது. காற்று அசையவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கல்யாண மண்டபத்து வாசலில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, பேத்தியின் பையைத் தூக்கியபடி உள்ளே போனேன். அவள் எனக்கு முன்னால், கொண்டையில் வலை கட்டி, யாரிடமும் பேசாமல் நடந்தாள். ஆட்டத்துக்கு முன் அவள் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் பேசிக்கொண்டிருப்பேன்.

அன்று மாலை முடிவாக வேண்டியது ஒன்றுதான். பெங்களூரில் ஒரு பாலே நடனக் குழுவை நடத்தும் அம்மையார் அவள் ஆட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. குழுவில் பயிற்சி நடனக்காரர்களாக இரண்டு பேரை எடுக்கிறார்கள். பத்தொன்பது வயதுக்குள் இருக்க வேண்டும். இவளுக்குப் பதினெட்டு முடிந்து ஏழு மாதம். இவளுடைய அம்மா, அதாவது என் மகள், வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எடுத்தால் போகட்டும். எடுக்காவிட்டால் ஷூவைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, சேர்ந்திருக்கிற பி.காம். படிப்பை ஒழுங்காகப் படிக்க வேண்டும். மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். வீட்டையும் வேலையையும் தனியாகப் பார்க்கிறவள் என் மகள். அவள் சொன்னால் மாற்றமாட்டாள்.

நாங்கள் நசரத்பேட்டைக்காரர்கள். பாலே வகுப்பு ஐயப்பன்தாங்கலில், பஸ் டிப்போவைத் தாண்டி, ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் நடந்தது. சிங்கப்பூரில் வளர்ந்து கற்றுக்கொண்டு திரும்பிய ஓர் அம்மாள்தான் ஆசிரியை. பிள்ளைகள் மிஸ் என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். சுவரோடு இரண்டு வரிசை ஜி.ஐ. பைப், அதைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளைகள் முட்டியை மடக்கி நிமிர்வார்கள். தரையில் பலகை, பலகைக்குக் கீழே ரப்பர். கீழ்த்தளத்தில் இரும்புக்கம்பி இறக்கும்போது மாடியில் பியானோ இசை கேட்காது. பிள்ளைகள் மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஆடுவார்கள். ஒன்பது வருடம், வாரத்துக்கு மூன்று நாள், அவளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தவன் நான். எட்டு எட்டாக எண்ணுவது எனக்கும் வந்துவிட்டது.

ஊரில் ஆளுக்கொரு பேச்சு. பரதம் என்றால் பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம், இதை என்னவென்று சொல்வது என்றார்கள். என் பங்காளி ஒருவர் டீக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"இன்னாபா, உன் பேத்தி கட்டைவெரல்லயே நிக்குதாமே. தரையோட அப்பிடி இன்னா கோவம் அதுக்கு?"

உண்மையில் அந்தக் கட்டைவிரல்தான் என் கவலையும். பாயிண்ட் ஷூ என்பது நுனியில் துணியும் காகிதமும் பசையும் சேர்த்து இறுக்கிய ஒரு கூடு. அதற்குள் ஐந்து விரல்களையும் நெருக்கி, முழு உடம்பையும் அதன்மேல் நிறுத்த வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்திலும் வியர்வையிலும் பசை மூன்று வாரத்தில் இளகிவிடும். அப்புறம் ஷூ செத்துவிட்டது என்பாள். புது ஜோடி வந்ததும் மாடிப்படியில் ஓங்கி ஓங்கி அடிப்பாள், உள்ளங்கால் பட்டையை வளைத்து ஒடிப்பாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருடம் பாகங்களை அளந்து தேர்ச்சி போட்டவன் நான். புதுப்பொருளை அப்படி அடிப்பதைப் பார்க்கமுடியாமல் உள்ளே போய்விடுவேன். ராத்திரி அவள் விரல்களுக்கு ஒட்டுத்துணி போடும்போது மட்டும் வெளியே வருவேன்.

ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டிய ஆண்டுவிழா தொடங்கவில்லை. சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் வட்டாரப் பிரமுகர், மண்டபத்தைப் பாதி வாடகைக்குப் பேசிக்கொடுத்தவரும் அவர்தான், அதனால் அவர் இல்லாமல் தொடங்கமுடியாது என்றார்கள். பெங்களூர் அம்மையார் நாலே முக்காலுக்கே வந்துவிட்டார். முன்வரிசையில், நெட்டுக்குத்தாக முதுகை வைத்து, காப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் ஒத்திகை இருப்பதால் ஏழு மணிக்குக் காரில் கிளம்பிவிடுவேன் என்று மிஸ்ஸிடம் முன்பே சொல்லியிருந்தார். என் பேத்தியின் ஆட்டம் நிகழ்ச்சியில் பதினொன்றாவது.

ஐந்தே முக்காலுக்கு நான் மிஸ்ஸைத் தேடிப் போனேன். ஒப்பனை அறையில் ஒரு சின்னப் பெண்ணின் காலில் ரிப்பனைத் தைத்துக்கொண்டிருந்தார். இவளை முதலில் விட்டுவிடுங்கள் என்றேன். சின்னப் பிள்ளைகள்தான் முதலில் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது என்றார். அழைப்பிதழைப் பார்த்தா அந்த அம்மா கிளம்பாமல் இருக்கப்போகிறார் என்று கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "சரி அய்யா, விளக்கேத்தினதும் இவதான்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அந்த மாற்றத்தால் வரப்போவது அப்போது எனக்குத் தெரியாது.

பிரமுகர் ஆறு ஐந்துக்கு வந்தார். மேடை முழுக்கக் கறுப்பு வினைல் விரிப்பு. பாலே ஆடுவதற்கென்றே உள்ள விரிப்பு அது, வழுக்காமலும் பிடிக்காமலும் இருக்கும். சென்னையில் வாடகைக்குக் கொடுப்பவர் ஒருவரோ இருவரோதான். செருப்புக்கால் அதன்மேல் படக்கூடாது என்று மிஸ் கெஞ்சியிருந்தார். வந்தவர்கள் அதைக் கோயில் மரியாதை என்று எடுத்துக்கொண்டு, படியோரம் செருப்பை விட்டுவிட்டு, ஒருவர் மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விளக்கைக் கீழே வைக்கலாம் என்றும் மிஸ் சொல்லிப்பார்த்தார். போட்டோவில் விழாது என்று பிரமுகரின் ஆட்கள் மேடையின் முன்பக்கம், நட்டநடுவில் நிறுத்திவிட்டார்கள். மார்பளவுக் குத்துவிளக்கு, மண்டபத்துக்காரர்கள் எண்ணெயை விளிம்புவரை ஊற்றியிருந்தார்கள். முகம் ஐந்து, ஏற்ற வந்தவர்கள் ஏழு பேர். மிச்சமான இருவருக்காக எரிகிற திரியையே மறுபடி ஏற்றினார்கள்.

பிறகு விளக்கை அகற்ற வேண்டியிருந்தது. ஏற்றிய விளக்கை யாரும் அணைக்கத் துணியமாட்டார்கள் அல்லவா? நல்ல காரியம் தொடங்கும் நேரத்தில் ஊதி அணைப்பதா என்று, இரண்டு பேர் அதை எரிய எரியத் தூக்கினார்கள். ஒருவர் உயரம், ஒருவர் குட்டை. திரை மூடும்போது நான் முதல் வரிசை ஓரத்தில் இருந்தேன். விளக்கு ஒருபக்கம் சாய்ந்ததும், கறுப்பு விரிப்பில் ஏதோ பளபளத்ததும், திரை முழுதாக மூடுவதற்கு முன் எனக்குத் தெரிந்தது.

திரைக்கு வெளியே பிரமுகர் பேச ஆரம்பித்தார். மிஸ் அவர் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டியிருந்தது. மணி ஆறு இருபத்தாறு. நான் பக்கவாட்டுப் படியேறித் திரைக்குப் பின்னால் போனேன். நடுவில் ஒரு தட்டு அளவுக்கு நல்லெண்ணெய் தேங்கிக் கிடந்தது. அங்கிருந்து ஓரம் வரை ஏழு சொட்டு.

அந்த எண்ணெய் எந்த இடத்தில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவளுடைய ஆட்டம் நாலு நிமிடம். கடைசியில் ஒரு காலின் நுனியில் நின்றுகொண்டு, மற்ற காலைச் சாட்டைபோல வீசி வீசி, நின்ற இடத்திலேயே பதினாறு முறை சுழல வேண்டும். ஃபுவெட்டே என்பார்கள். பெரிய நடனக்காரர்கள் முப்பத்திரண்டு சுற்றுவார்கள், பெங்களூர் அம்மையார் இவளிடம் பதினாறு பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தப் பதினாறும் முன்மேடையின் நட்டநடுவில்தான். எண்ணெய்மேல் நிற்கும் ஷூவின் சாட்டின் துணி நுனி என்ன ஆகும்?

நாற்காலி போட வந்த ஆள் ஒருவர் ஈரத்துணியோடு வந்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். எண்ணெயை ஈரத்துணியால் துடைத்தால் தட்டு அளவு இருந்தது தாம்பாள அளவாகும். தொழிற்சாலையில் எண்ணெய் சிந்தினால் மரத்தூள் போடுவோம், பிறகு தின்னரில் துடைப்போம். மரத்தூளுக்கு எங்கே போவது? செய்தித்தாளை வைத்து ஒற்றி எடுத்தேன். சொட்டுகள் சுத்தமாகப் போய்விட்டன. நடுவில் மட்டும் மினுமினுப்பு போகவில்லை. மேடை ஓரத்தில் பின்னணி மரங்களுக்குக் கடைசிப் பூச்சு கொடுத்துக்கொண்டிருந்த பெயிண்டரிடம் தின்னர் கேட்டேன்.

"வாசன புடிச்சா தல சுத்தும் நைனா. குடிக்கிற வயசா இது?" என்று சொல்லிக்கொண்டே டப்பாவைக் கொடுத்தார்.

துணியில் நனைத்துத் தேய்த்தேன். எண்ணெய் போய்விட்டது. இரண்டாவது தடவையும் தேய்த்தேன். நிம்மதியாக எழுந்திருக்கும்போது கட்டைவிரலை ஊன்றினேன். விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்ததும் ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

எங்கள் தொழிற்சாலைத் தரை சிமெண்ட். இது பிளாஸ்டிக். தின்னர் அதன் மேல்தோலை இளக்கிவிட்டது. கறுப்பில் சாம்பல் நிறமாக ஒரு வட்டம். ஊதினேன், துண்டால் விசிறினேன், முகப்பவுடர் தூவலாமா என்று நினைத்தேன், தூவினால் அது வழுக்கும். வெளியே பிரமுகர் தம் மகளும் சின்ன வயதில் பள்ளியில் ஆடியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மணி ஆறு முப்பத்தெட்டு.

பேத்தி ஓரத்தில் நின்றிருந்தாள். வழுக்காமல் இருக்க, மரப்பெட்டியில் கொட்டி வைத்திருந்த பிசின் தூளில் ஷூ நுனியை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"என்ன தாத்தா?"

"நடுவுல எண்ணெ கொட்டிடிச்சு. தொடச்சிட்டேன்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"தின்னர் போட்டேன்மா. தரை இளகிப்போச்சு."

"வழுக்குதா?"

"இல்ல. ஒட்டுது."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "வழுக்கினாக்கூட விழுந்து எழுந்துடுவேன் தாத்தா. ஒட்டினா பாதம் நிக்கும், முட்டி மட்டும் திரும்பும்."

முட்டி மட்டும் திரும்பினால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. அந்த வகுப்பிலேயே ஒரு பெண்ணுக்கு நடந்தது, நான்தான் ஆட்டோ பிடித்தேன். ஆட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மிஸ்ஸிடம் சொல்லி நிறுத்திவிடலாம், விரிப்பை மாற்றிவிட்டு அரைமணி கழித்து ஆடலாம். ஆனால் அரைமணி கழித்துப் பார்க்கவேண்டியவர் இருக்கமாட்டார். இதெல்லாம் என் முகத்தில் ஓடியிருக்க வேண்டும்.

"சுத்தறத மட்டும் பின்னாடி தள்ளிப் பண்றேன். ரெண்டு மீட்டர்" என்றாள். "ஆனா அங்க லைட் இல்ல. லைட்டு அண்ணாகிட்ட சொல்லுங்க. கடைசி ரெண்டு எட்டுக்கு முன்னாடியே லைட்ட பின்பக்கம் தூக்கணும். போங்க தாத்தா, ஓடுங்க."

எழுபத்து நான்கு வயதில் என்னை ஓடச் சொன்னவள் அவள் ஒருத்திதான். மேடைப் படி ஆறு இறங்கி, ஓரமாகக் கூடம் முழுவதும் நடந்து, பால்கனிக்கு இருபத்தேழு படி. பத்தொன்பதாவது படியில் கைத்தட்டல் கேட்டது. பேச்சு முடிந்துவிட்டது. மேலே போய்ச் சேரும்போது திரை திறந்து இசை தொடங்கிவிட்டது.

லைட்டுக்காரருக்கு முப்பது வயதிருக்கும். ஸ்டாண்டில் ஒரு பெரிய ஹாலஜன் விளக்கு, முன்மேடை நடுவைப் பார்த்துத் திருகி இறுக்கியிருந்தது. வீடியோ எடுப்பவர் அங்கேதான் வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். லைட்டுக்காரர் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன், மூச்சு வாங்கியதில் பாதிதான் வெளியே வந்தது.

"மிஸ்ஸு சொன்னாதான் லைட்ட அசப்பேன், பெருசு. நீ யாரு?"

"அந்தப் பொண்ணோட தாத்தா."

"அப்ப குந்து நைனா. உன் பேத்திய உக்காந்து பாரு. ஏன் இங்க வந்து பேஜார் பண்ற?"

கீழே அவள் ஆடிக்கொண்டிருந்தாள். அத்தனை வருடத்தில் மேலிருந்து அவள் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. சாம்பல் வட்டம் இங்கிருந்தே தெரிந்தது. அவள் அதைத் தாண்டித் தாவினாள், ஒருமுறை அதன் ஓரத்தில் இறங்கினாள். என் கை பால்கனிக் கம்பியை இறுக்கிக்கொண்டது. இன்னும் நாலு எட்டு. கெஞ்சினேன். வீடியோக்காரரிடம் யார் பேச்சு வாங்குவது என்றார். மூன்று எட்டு. பணம் தருகிறேன் என்றேன், அதைச் சொல்லியிருக்கக்கூடாது, அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"துட்டு யாருக்கு வேணும்? கீழ எறங்கு மொதல்ல."

இரண்டு எட்டு. அவள் முன்மேடைக்கு வரவில்லை. சொன்னபடியே பின்னால் போய் நின்றாள். அங்கே அரையிருட்டு. வெளிச்சம் முழுவதும் காலியாகக் கிடந்த அந்தச் சாம்பல் வட்டத்தின்மேல் விழுந்தது. முன்வரிசையில் பெங்களூர் அம்மையார் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அவள் காலை வீசினாள். ஒன்று. இரண்டு.

நான் திருகைப் பிடித்தேன். கொதித்தது. மூன்று. துண்டு கீழேயே விட்டுப்போயிருந்தது. வெறுங்கையால் திருகினேன். லைட்டுக்காரர் என் தோளைப் பிடித்தார், பிடித்தவர் கீழே பார்த்தார், இருட்டில் ஒரு பெண் சுற்றிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தார். நான்கு. "ஏ, தள்ளு தள்ளு, நீ ஒடச்சிடப்போற" என்று என்னைத் தள்ளிவிட்டு அவரே விளக்கைத் தூக்கினார். வெளிச்சம் சுவரில் ஏறி, தோரணத்தில் பட்டு, மேடைக்கு இறங்கி, அவள்மேல் நின்றது. ஐந்து.

ஆறிலிருந்து பத்துவரை அவள் இடம் நகரவில்லை. பதினொன்றில் கொஞ்சம் முன்னால் வந்தாள். சுழலும்போது வெளிச்சம் வருகிற பக்கம் உடம்பு போகும் என்று மிஸ் ஒருமுறை சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு, பதின்மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாணுக்கு மேல். வட்டத்துக்கும் அவள் ஷூ நுனிக்கும் நடுவில் இருந்தது ஒரு முழம், பிறகு அரை முழம். நான் எண்ணுவதை நிறுத்தியது என் நினைவில் அந்த ஒரு தடவைதான். லைட்டுக்காரர் என் பக்கத்தில் "அய்யோ, பின்னால போமே, பின்னால" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இசை நின்றது. அவள் முட்டி மடக்கி இறங்கி நின்றபோது ஷூ வட்டத்தைத் தொடவில்லை. எவ்வளவு தள்ளி என்று இங்கிருந்து என்னால் அளக்கமுடியவில்லை.

பதினாறும் சுற்றினாளா என்று லைட்டுக்காரரைக் கேட்டேன். "எவன் எண்ணுனான்?" என்றார். கூடம் முழுக்கக் கைதட்டியது. என் கையில் இரண்டு விரல் வெந்து கொப்பளித்திருந்தது.

பெங்களூர் அம்மையார் ஆறு ஐம்பத்திரண்டுக்கு எழுந்து வெளியே வந்தார். கார் கதவருகே மிஸ்ஸோடு ஆங்கிலத்தில் பேசினார். நான் நாலடி தள்ளி நின்றேன், காது கேட்கிற தூரம். கடைசிச் சுற்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருட்டில் ஆடியதையோ, இடம் மாற்றியதையோ கேட்கவில்லை. பெண்ணின் உயரம் என்ன என்று கேட்டார். நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். குழுவில் ஒரு பையன் இருக்கிறானாம், நல்ல ஆட்டக்காரன், ஆனால் உயரம் போதாது. அவன் தூக்கி ஆடத் தோதான பெண் கிடைக்காமல் ஆறு மாதமாகத் தேடுகிறார்களாம். இவள் சரியாக இருப்பாள், செப்டம்பர் முதல் வாரம் வரட்டும், மூன்று மாதம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. உயரத்தை மட்டும் பார்ப்பதாக இருந்தால் போட்டோவும் ஒரு டேப்பும் போதுமே. பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருந்த என் மகள் என்னிடம் வந்து, "எடுத்துட்டாங்களாப்பா?" என்று கேட்டாள். எடுத்துவிட்டார்கள் என்றேன். அவள் அங்கேயே, வாசலில் சந்தனக் கிண்ணம் வைத்திருந்த மேசை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷமா வருத்தமா என்று நான் கேட்கவில்லை. பேத்தி முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு வந்தாள். வலியா என்றதற்கு, எப்போதும் வைப்பதுதான் என்றாள். என் விரலைப் பார்த்துவிட்டு அந்த ஐஸில் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. இப்போது அவள் அங்கேதான் இருக்கிறாள். காலையில் வகுப்பு, மதியம் ஒத்திகை, மாலையில் சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வாடகைக்குச் சம்பாதிக்கிறாள். அந்தப் பையனுக்கு மிசோரம். தூக்கும்போது அவன் எண்ணுவது அவளுக்குக் கேட்குமாம். முதல் மேடையில் எட்டுப் பேர் வரிசையில் பின்னால் நின்றாள், இடமிருந்து மூன்றாவது. போனில் நான் முட்டியைப் பற்றிக் கேட்பேன். நல்லா இருக்கு தாத்தா என்பாள். வேறு என்ன சொல்வாள்?

விரிப்புக்காரர் நஷ்டஈடு கேட்டு, ஆண்டுவிழா முடிந்த ஒன்பதாம் நாள் நசரத்பேட்டை வீட்டுக்கே வந்தார். மிஸ்ஸிடம் கேட்டிருந்தால் அவர் கொடுத்திருப்பார். நான்தான் என் முகவரியைக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். இரண்டு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம் உள்ள சுருளில் ஒரு வட்டம்தான் கெட்டது, முப்பது சென்டிமீட்டர் குறுக்களவு, நானே அளந்தேன். வெட்டி ஒட்ட வழியில்லையா என்றேன். ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு பிள்ளையின் கால் தடுக்கினால் நீங்கள் பொறுப்பா என்று கேட்டார். பழைய சுருள் என்பதால் பேசிக் குறைத்து, மீதியுள்ள நல்ல பாகத்தை வகுப்புக்கே விட்டுவிட வைத்தேன். மகள் கொடுக்கிறேன் என்றாள், நான் விடவில்லை. விரிப்புக்குப் பதினாறாயிரம், பெயிண்டரின் தின்னருக்கு நூற்று நாற்பது, தீப்புண் களிம்புக்குத் தொண்ணூற்றிரண்டு. ஆக மொத்தம் பதினாறாயிரத்து இருநூற்று முப்பத்திரண்டு ரூபாய்.